ஒப்துலியா சொன்ன "இருக்கிறார்"

"ஒப்துலியா பாரியெந்தோஸ் கால்வோ. வயது இருபத்தொன்று. மணமாகாதவர். தலைமறைவான குற்றவாளி மெலித்தோன் பாரியெந்தோஸின் ஒரே மகள். புத்தி மந்தம். காதில் விழுவதைப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு. வாயை அடக்கத் தெரியாதவர். எந்த ரகசியத்தையும் காக்க இயலாதவர். பொறுப்பான பணி எதற்கும் தகுதியற்றவர்."

1951-இல் ரிபால்தா நகரத்துக் காவல் சார்ஜண்ட் ஒருவர் எழுதி, பங்குக் குரு முத்திரை போட்டு, கோப்பில் ஏறிய நன்னடத்தைச் சான்றிதழ் இது. அந்தக் காலத்தில் வேலை கேட்கும் எவருக்கும் இப்படி ஒரு தாள் வேண்டும். சார்ஜண்ட் வீட்டுக்கே வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்தார். ஒப்துலியா முக்கால் மணிநேரம் பேசினாள். கோழி முட்டையிடாததைப் பற்றி, அத்தையின் கடைவாய்ப் பல் பற்றி, மாதா ஊர்வலத்தில் மழை பெய்தது பற்றி. இடையில் அப்பா எங்கே என்று அவர் நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அத்தையின் பல் வந்து நின்றது. இவ்வளவு பேசுகிறவளிடம் ஒரு ரகசியம் இருந்தால் அது எப்போதோ வெளியே விழுந்திருக்கும் என்று சார்ஜண்ட் முடிவுக்கு வந்தார். தர்க்கத்தில் பிழையில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர், சுவரை ஒட்டிப் படுக்கையறை, படுக்கையறையில் ஓர் அலமாரி, அலமாரியின் பின்பலகைக்கு அப்பால் இரண்டடி அகலத்தில் ஓர் இடைவெளி. அங்கே மெலித்தோன் பாரியெந்தோஸ் உட்கார்ந்து, போன மாதத்துச் செய்தித்தாளை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பதினைந்தாவது ஆண்டு.

மெலித்தோன் பள்ளிக்கூட ஆசிரியர். 1936 ஜூலையில் ஜெனரல்கள் குடியரசுக்கு எதிராகக் கிளம்பியபோது ரிபால்தா ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லாமல் அவர்கள் கைக்குப் போனது. சத்தமெல்லாம் பிறகுதான், கல்லறைத் தோட்டத்து மதிலோரம், விடியற்காலைகளில். ஆசிரியர்களைத் தேடி வந்தார்கள். அவருடைய குற்றம், வகுப்பறையில் வரைபடம் மாட்டிய ஆணியில் அதற்கு முன்னால் சிலுவை தொங்கியிருந்தது என்பது. கதவைத் திறந்த அம்மா ஒரே சொல்தான் சொன்னாள்: "இல்ல." ஆறு வயது ஒப்துலியா அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைக் கேட்டாள். வேறு குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொண்ட வயதில் அவள் இதைக் கற்றுக்கொண்டாள். அப்பா இல்ல. எங்கேன்னு தெரியாது. இல்ல. அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மனிதரை முப்பத்துமூன்று ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். அம்மா இறந்தபிறகு, ஒப்துலியா தனியாளாக. சுவருக்குள் ஆள் இருக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வரவழைக்க முடியாது என்பதால் கல்யாணப் பேச்சும் தானாகவே நின்றுபோனது.

படைமுகாமில் டெலிபோன் போர்டுக்கு ஆள் தேவைப்பட்டது. விண்ணப்பித்த ஒன்பது பெண்களின் கோப்புகளையும் படித்த கேப்டன், ஒப்துலியாவின் கோப்பைத் தனியே எடுத்து வைத்தாராம். "காதுல விழுறது எதுவும் புரியாத பொண்ணு. போர்டுக்கு இதைவிட என்ன வேணும்?" ஒரு பெண் எந்த வேலைக்கும் லாயக்கில்லை என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழின் பலத்தில், அதே அரசாங்கத்தின் ரகசியங்கள் எல்லாம் கடந்துபோகும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயிற்று.

முகாமில் அவளுக்குப் பெயர் கிடையாது. "செனோரிட்டா"தான், மணமாகாத பெண்ணை அழைக்கும் சொல். இருபதில் அது மரியாதை, முப்பதில் உண்மை, ஐம்பதில் வழக்கம். குடும்பப்பெயரை ஒருவரும் கேட்டதில்லை. அவள் தொழில் பாதி இணைப்பது, பாதி இணைக்காமல் இருப்பது. பின்பாதியில்தான் அவள் மேதை. கர்னல்கள் வருவார்கள், போவார்கள். வருகிற ஒவ்வொரு கர்னலும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது, தான் இல்லாமல் இருப்பதை இந்தப் பெண்ணைப்போல் அழகாகச் சொல்ல நாட்டில் ஆளில்லை என்பது. ஆயர் இல்லத்துக்கு அவள் சொல்லும் "இல்லை"யில் கர்னல் சற்றுமுன்தான் கோவிலுக்குப் போயிருப்பார் என்ற சாயல் இருக்கும். கர்னலின் மனைவிக்குச் சொல்வதில், மனுஷன் உழைத்தே செத்துவிடுவார் என்ற பெருமூச்சு. மாகாண ஆளுநருக்குச் சொல்வதில் அவர் நேரடியாகக் கர்னலைத் தேடியதே ஒரு கௌரவம் என்பது போலத் தொனிக்கும். வேலை நேரத்துக்கு வெளியே அவள் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அப்பா விஷயம் நீங்கலாக. பாவசங்கீர்த்தனத்தில், இருப்பவரை இல்லை என்று சொல்வதாக ஒப்புக்கொண்டபோது குரு யோசித்து, "இல்லை என்றால் 'உனக்கு இல்லை' என்று பொருள், அது பொய்யில் சேராது" என்றார். அது எந்த இல்லை என்று அவர் கேட்கவில்லை. அவளும் பிரித்துச் சொல்லவில்லை.

1969-இல், உள்நாட்டுப் போர்க்காலக் குற்றங்கள் எல்லாம் காலாவதி என்று அரசாணை வந்தது. மெலித்தோன் சவரம் செய்து, முப்பத்தாறில் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி தெருவில் இறங்கினார். இறந்தவர் எழுந்து வந்ததுபோல் தெரு அலறப்போகிறது என்று அப்பாவும் மகளும் பயந்தார்கள். அடுத்த வீட்டு ரொட்டிக்கடை எவுதீமியா நிமிர்ந்து பார்த்துவிட்டு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "வாங்க வாத்தியாரே. அந்த இருமலுக்குத் தேன் சாப்பிடுங்கன்னு நாப்பத்தொண்ணுலேர்ந்து சொல்லணும்னு இருந்தேன். சுவத்துக்கிட்ட எப்படிச் சொல்றது?" அவளுடைய அடுப்பின் பின்சுவர்தான் மெலித்தோனுக்குக் குளிர்காலத்தில் கணப்பு. அவள் விறகை அந்தப் பக்கமாகவே அடுக்கிவந்தது எதற்கென்று அன்றுதான் விளங்கியது. ஆக, இல்லை என்று சொன்னது ஒரு வீடு அல்ல, தெரு முழுவதும்.

வீட்டுக்கு டெலிபோன் வந்ததும் மெலித்தோனுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மணி ஒருமுறை அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார். எல்லோரும் "சொல்லுங்கள்" என்பார்கள். அவர் "இருக்கேன்" என்பார். தவறான எண்ணுக்கு வந்த அழைப்புகளிலும் "இருக்கேன்"தான். நிதானமாக, ருசித்துச் சொல்வார்.

ராஜா விஷயத்தில் அவர் கருத்து எல்லோருக்கும் தெரிந்தது. முப்பத்தாறில் கிளம்பியவர்களுக்குத் தலைவரான ஜெனரல் முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆண்டுவிட்டுப் படுக்கையில் செத்துப்போனார். தனக்குப்பின் நாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் இளவரசரை அவரே பொறுக்கி, வளர்த்து, தன் சட்டங்களின் மேல் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். காப்பிக்கடைகளில் அந்தப் புது ராஜாவுக்குப் பட்டப்பெயர் "கொஞ்ச நாள்". கொஞ்ச நாளில் போய்விடுவார் என்று அர்த்தம். ஆனால் அவர் ஜெனரலுடைய சட்டங்களை வைத்தே ஜெனரலுடைய சட்டங்களைப் பிரித்துப் போட்டார். சாவியைக் கொடுத்தவனின் பூட்டையே கழற்றிய மாதிரி. கட்சிகள் வந்தன, தேர்தல் வந்தது, அரசியல் சாசனம் வந்தது. வேண்டுமளவு அதிகாரத்தோடு அரியணை ஏறிய மனிதர், மூன்றே ஆண்டுகளில் அதில் பெரும்பகுதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மெலித்தோன் மசியவில்லை. "இவரோட தாத்தாவ ஓட்டுப் போட்டுக் கப்பலேத்தி அனுப்பினதே நாங்கதான்," என்பார். "பேரன் திரும்பி வந்து எனக்கு ஓட்டுச்சீட்டக் குடுக்கறாராம். நான் குடியரசுக்காரன். அரசியல் ரீதியா பாத்தா எனக்கு இது அவமானம்." சொல்லிவிட்டு, 1977-இல் வாக்குச்சாவடி திறப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பாகவே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். அதே டை. கடைசியாக ஓட்டுப் போட்டது நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன். பெட்டிக்குள் சீட்டு விழுந்ததும் காதை வைத்துக் கேட்டார் என்று எவுதீமியா இன்றும் சொல்வாள்.

பிறகு 1981 பிப்ரவரி இருபத்துமூன்று, திங்கட்கிழமை. ஒப்துலியாவுக்குப் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்துவரை முறை. ஆறரை மணிக்குச் சற்று முன்பு, புதுப் பிரதமருக்கான நாடாளுமன்ற வாக்கெடுப்பை ஒலிபரப்பிக்கொண்டிருந்த வானொலியில் கத்தல், அதன்பின் துப்பாக்கிச் சத்தம். ஆயுதம் தாங்கிய காவலர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மொத்த சபையையும் பெஞ்சுக்கடியில் படுக்க வைத்துவிட்டார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பத்து நிமிடத்தில் போர்டிலிருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிய ஆரம்பித்தன. அந்த விளக்குகளில் ஒன்று வீட்டிலிருந்து.

"பாப்பா," என்றார் மெலித்தோன். மகளுக்கு ஐம்பத்தொன்று நடக்கிறது. "அந்தச் சாம்பல் கலர் கம்பளி எங்க?"

"எதுக்குப்பா?"

"உள்ள போறேன்."

"உங்களுக்கு எழுபத்தேழு வயசு."

"அப்ப முப்பத்திமூணு. அது ஒண்ணுதான் வித்தியாசம். பொந்து அதே சைஸ்தான் இருக்கு, இப்பதான் அளந்து பாத்தேன்." குரல் நடுங்கவில்லை. "யாராவது கேட்டா தெரியுமில்ல?"

"தெரியும்பா."

அந்தச் சொல்லை இருவருமே வாயால் சொல்லவில்லை. அவள் இணைப்பைத் துண்டித்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த வேலையும் இல்லாமல் கிடந்த சொல் மறுபடி வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. இன்னொரு முறை உள்ளே போனால் அவர் திரும்ப வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு முப்பத்துமூன்று ஆண்டு அவரிடம் இல்லை.

ஏழு மணிக்குக் கர்னல் லாரும்பே தன் அறையிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனிதர். கவுதாரி வேட்டைப் பிரியர். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி. எந்தத் தாளிலும் முதலில் பென்சிலால் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு, விளைவு தெரிந்தபிறகு மேலே மை தீட்டும் பழக்கமுள்ளவர்.

"செனோரிட்டா, நான் இல்ல."

"யாருக்கு இல்ல, என் கர்னலே?"

"யாருக்குமே."

முப்பது ஆண்டு அனுபவத்தில் இந்த வகை "இல்லை" புதிது. ஆனால் அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. காதில் விழுவது புரியாத பெண் அல்லவா. அடுத்து வந்தவர் மேஜர் புஸ்தில்லோ. நறுமணத் தைலம், பளபளக்கும் காலணி, இனிய சுபாவம். செய்தியெல்லாம் போர்டு வழியாகத்தான் வரும் என்பதால் அவளறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முற்றத்தில் பதினோரு லாரிகள் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டு நின்றன. ஒன்பது மணிக்குக் கிளம்பி வானொலி நிலையத்தையும் நகரசபையையும் எடுத்துக்கொள்ளப் போவதாக, தேவாலயப் பூசை நேரம் சொல்லும் குரலில் அவர் சொன்னார். கர்னல் உத்தரவு போட்டிருக்கிறாரா என்று ஒரு கேப்டன் வாசலில் நின்று கேட்டான். "போடலை. போக வேணாம்னும் சொல்லலை. ஒன்பது வரைக்கும் மறுத்துப் பேசலைன்னா கிளம்பலாம்" என்றார் மேஜர். அதுதான் பென்சில் கையெழுத்து. லாரி வென்றால் கர்னல் அனுப்பியது; தோற்றால் கர்னல் அப்போது இல்லை.

மேஜர் தன் தொப்பியை அவள் மேசையில் வைத்தார். தொப்பிக்கடியில் விளிம்பு மட்டும் மறைந்த ஒரு தாள். ஒப்துலியா எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படிப்பதில் தேர்ந்தவள். முப்பத்தொரு பெயர்கள். நகரசபையின் இரண்டு உறுப்பினர்கள், ஒரு மருத்துவர், ரயில்வே சங்கத்துக்காரர்கள். எட்டாவதாக: "மெலித்தோன் பாரியெந்தோஸ், முன்னாள் ஆசிரியர், தோல்காரர் தெரு." நாற்பத்தைந்து ஆண்டுகளில் யாரோ ஒருவர் இந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்து செய்து புதுப்பித்தே வந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து தைலம் மணக்கும் மனிதருக்கு அவளுடைய குடும்பப்பெயர் தெரியாது.

"பயப்படாதீங்க செனோரிட்டா," என்றார் மேஜர், அவள் முகத்தைப் பார்த்து. "காலையில ஊரு சுத்தமா இருக்கும்."

அழைப்புகள் வந்தபடி இருந்தன. வேறோர் ஊரில் டாங்கிகள் தெருவில் இறங்கிவிட்டனவாம். ஒரு ஜெனரல் இரண்டு முறை கர்னலைக் கேட்டார், இல்லை. கர்னலின் மனைவி மூன்று முறை. இல்லை, உழைத்தே செத்துவிடுவார். ஆயர் இல்லம் ஒருமுறை. இல்லை, இம்முறை உண்மையாகவே ஜெபித்துக்கொண்டிருக்கலாம். வானொலியில் அணிவகுப்பு இசை தவிர ஒன்றும் இல்லை. எட்டரைக்கு ஒப்துலியா வீட்டு எண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். பதினான்கு முறை மணி அடித்தது. "இருக்கேன்" வரவில்லை.

எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தலைநகர் லைன் விளக்கு எரிந்தது. களைத்துப்போன ஓர் ஆண்குரல், தொண்டை கட்டியிருந்தது. எத்தனை முகாம்களைக் கூப்பிட்டு முடித்ததோ.

"அரண்மனைலேர்ந்து பேசறோம். மன்னர் கர்னல் லாரும்பேகிட்டப் பேசணும்."

மேஜருக்கு மறுமுனையில் பேசியது கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவள் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தார். யார் என்று வாயசைத்தார். அவள் சொன்னாள். மேஜர் ஒரு கணம் தன் காலணியைப் பார்த்தார்.

"கர்னல் இல்லன்னு சொல்லுங்க," என்றார் மென்மையாக. "அதுதானே அவரோட உத்தரவு."

அது உண்மைதான். உத்தரவு அதுதான். வாயைத் திறந்தால் தானாக வந்துவிடும். நாக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் பழகிய சொல். ஒப்துலியா வாயைத் திறந்தாள்.

"இருக்கார்," என்றாள். "லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க."

ப்ளக்கைக் கர்னலின் துளையில் செருகி மணிச்சாவியை அழுத்தினாள். தாழ்வாரத்தின் கோடியில் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மேஜர் எழுந்து வந்து அந்தக் கம்பியின் மேல் கையை வைத்தார்.

"இதை எடுத்துடுங்க, செனோரிட்டா."

"நீங்களே எடுக்கலாம், மேஜர்." அவள் பதிவேட்டைத் திறந்து பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எட்டு ஐம்பத்திரண்டு, அரண்மனை அழைப்பு, துண்டித்தவர் மேஜர் புஸ்தில்லோ. இப்படித்தான் எழுதணும். ல்லோவுக்கு ரெண்டு எல்தானே?"

மேஜர் துணிச்சல்காரர்; தோட்டாவுக்கு எதிரே நிற்கக்கூடியவர். ஆனால் மையில் எழுதப்படுவது வேறு விஷயம். கை கம்பியின் மேலேயே இருந்தது. இழுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. கர்னல் தன் பென்சிலோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. இல்லாத மனிதர் எப்படி எடுப்பார்?

அப்போதுதான் அவள் முப்பது ஆண்டுகளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். காதிலிருந்த கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, முறை நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்தாள். தாழ்வாரம் முழுக்க அதிகாரிகள், ஒன்பது மணிக்காகக் காத்துக்கொண்டு, சிகரெட்டும் கையுமாக. நடுவில் குட்டையான, பருத்த, பின்னல் சட்டை போட்ட ஒரு பெண்மணி நடந்து போனதும் பேச்சு நின்றது. அவள் கர்னலின் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். முப்பது ஆண்டுகளாக இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பதமான அந்தக் குரல், முற்றத்தில் நின்ற கடைசி லாரி ஓட்டுநருக்கும் கேட்கும்படி எழுந்தது.

"என் கர்னலே, மன்னர் லைன்ல இருக்கார். நீங்க இருக்கீங்கன்னு சொல்லிட்டேன்."

தாழ்வாரத்தில் யாரோ ஒருவர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். இப்போது நாற்பது அதிகாரிகளுக்குத் தெரியும், கர்னல் உள்ளே இருக்கிறார், மன்னர் கூப்பிடுகிறார் என்று. இருப்பதாக அறிவிக்கப்பட்டுவிட்ட மனிதன் அதற்குமேல் இல்லாமல் இருப்பது சுலபமில்லை. உள்ளே மணி பாதியில் நின்றது. ஒப்துலியா திரும்பி நடந்தாள். மேஜரின் கை கம்பியின் மேல் இல்லை. அவள் உட்கார்ந்து, இணைப்பு சரியாக விழுந்ததா என்று ஒரு நொடி பார்த்து, ஒட்டுக்கேட்கும் சாவியை மூடினாள். விதிப்படி.

ராஜா கர்னலிடம் என்ன சொன்னார் என்பதற்கு ரிபால்தாவில் இன்றைக்குப் பதினேழு விதமான கதைகள் உண்டு. எந்த ரகசியத்தையும் காக்க இயலாதவர் என்று முத்திரை குத்தப்பட்ட பெண்ணிடம் மட்டும் ஒன்றும் கிடையாது. அவள் கேட்கவில்லை.

நான்கு நிமிடங்கள் கழித்துக் கர்னல் லாரும்பே வெளியே வந்தார். மேல்சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தார். ஆறரை மணியிலிருந்தே இதைச் சொல்லத்தான் காத்திருந்தவர்போல, எஞ்சின்களை நிறுத்துங்கள், ஆட்கள் படுக்கைக்குப் போகட்டும், அரசியல் சாசனம்தான் உத்தரவு என்றார். "உத்தரவு, என் கர்னலே" என்றார் மேஜர். லாரிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார், தாளை மறந்துவிட்டார். ஒப்துலியா அதை நான்காக மடித்து, பின்னல் நூல் வைக்கும் பைக்குள் போட்டுக்கொண்டாள். அரசாங்கச் சொத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனது வாழ்க்கையில் அது ஒருமுறைதான்.

பத்து மணிக்கு முறை முடிந்து வீட்டுக்குப் போனாள். அலமாரிக் கதவைத் தட்டினாள். உள்ளே கம்பளி அசையும் சத்தம்.

"அப்பா, வெளிய வாங்க. லாரி போகலை."

"யாரு நிறுத்தினது?"

"ராஜா."

"வேற யாருமே இல்லியா?" என்று கேட்டார் மெலித்தோன்.

தொலைக்காட்சியில் பார்க்காமல் வரமாட்டேன் என்றார். ஒப்துலியா பெட்டியைப் படுக்கையறைக்கு இழுத்து வந்து வைத்தாள். எவுதீமியா ஒரு பானை பூண்டு சூப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள், ஒருவர் அலமாரிக்குள்ளிருந்து, கோட்டுகளுக்கு நடுவே முகத்தை நீட்டிக்கொண்டு. ஒன்றேகால் மணி வாக்கில் சீருடையில் ராஜா தோன்றினார். மக்கள் வாக்களித்து ஏற்ற சாசனத்தின் வழியை வன்முறையால் மறிக்கும் எதையும் மணிமுடி பொறுக்காது என்ற பொருள்படச் சுருக்கமாகப் பேசினார்.

"கேலிக்கூத்து," என்றார் மெலித்தோன். "ஒரு ராஜா சொல்லி, ஒரு கர்னல் கேட்டு, குடியாட்சி பிழைக்குது. நாங்க படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல." ஒரு காலை வெளியே வைத்தார். "சூப் சூடா இருக்கா?"

"வாத்தியாரே, கம்பளிய உள்ளயே விட்டுடுங்க," என்றாள் எவுதீமியா. "அதுக்கும் வயசாச்சு."

கூப்பிட்டது ராஜா என்றாலும், கதவைத் தட்டியது யார் என்று மெலித்தோனுக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது. ஒரு லாரி ஓட்டுநரின் மாமியார் ரொட்டிக்கடையில் சொல்லி. மகள் மூன்று நாளாக வாய் திறக்கவில்லை. அவர் சமையலறைக்கு வந்தார். "நீயா சொன்ன, இருக்கார்னு?" என்று மட்டும் கேட்டார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கண் கலங்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாடு முழுவதும் ஊர்வலம். ரிபால்தா கண்டதிலேயே பெரிய கூட்டம் அது; மாதா திருவிழாகூட அதன் பக்கத்தில் நிற்காது. குளிரில் நீராவி விட்டுக்கொண்டு, சுதந்திரம், சாசனம் என்று கத்தியபடி தெருத் தெருவாக வந்தார்கள். மெலித்தோன் அதே டையோடு முதல் வரிசையில், பதாகையின் ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு. பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேரும் அந்தக் கூட்டத்தில் எங்கோ நடந்தார்கள், தங்கள் பெயர் ஒரு பின்னல் பைக்குள் மடிந்து கிடப்பது தெரியாமல். "மன்னர் வாழ்க" என்று பின்னால் கிளம்பியபோது மெலித்தோனுக்கு இருமல் வந்துவிட்டது. எத்தனை முறை கோஷம் எழுந்ததோ அத்தனை முறை இருமினார். கடைசி முறை மட்டும் இருமலுக்கு நடுவே உதடு அசைந்ததென்று எவுதீமியா சத்தியம் செய்கிறாள். அவர் மறுத்தார். அவருக்கும் அவளுக்கும் அதுபற்றிச் சண்டை ஏழு ஆண்டுகள் நடந்தது, அவர் தன் சொந்தக் கட்டிலில், ஜன்னல் திறந்திருக்க, இறந்துபோகும்வரை.

கர்னல் லாரும்பேக்கு, நெருக்கடியின் முதல் நிமிடத்திலிருந்தே உறுதி காட்டியதற்காகப் பதக்கம் கிடைத்தது. சிபாரிசில் அவரே மையால் கையெழுத்துப் போட்டிருந்தார். மேஜர் வெகுதூரத்துக்கு மாற்றலாகிப் போனார். ஒப்துலியாவின் கோப்பில் ஒரு தாள் கூடியது: பிப்ரவரி 23 அன்று முறை நேரத்தில் அனுமதியின்றி ஒரு நிமிடம் நாற்பது விநாடி இருக்கையை விட்டு அகன்றதற்காக எழுத்து மூலமான கண்டனம். அவள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அலமாரி இருந்த சுவரில் மாட்டினாள். அலமாரியை விற்றாயிற்று. இடைவெளியை எவுதீமியாவின் கொத்தனார் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற நாளில் புதிய கர்னல் அவளுடைய கோப்பை வரவழைத்து, பாராட்டுரைக்கு ஏதாவது கிடைக்குமா என்று புரட்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. 1981 பிப்ரவரி 23, இரவு எட்டு ஐம்பத்திரண்டு மணிக்கு, ஒப்துலியா பாரியெந்தோஸ், அறைக்குள் இருந்த ஒருவரைக் கேட்டு வந்த அழைப்பில், அவர் இருக்கிறார் என்று சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.